பலகை மேல் பாசஞ்சர்

மாலை நாலு ஐம்பது. அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை என் மாமியாரின் பாதங்கள். அவை உயரமான மர ஸ்டூல் ஒன்றின் மேல் இருந்தன. பார்வையை அங்கிருந்து மேலே கொண்டுபோனால் நீலச் சேலை, இடுப்பில் சொருகிய முந்தானை, வலது கையில் ரவிக்கைக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைத் துணி, கடைசியாகக் கூரைத் தளத்துக்கு ஒரு முழம் கீழே அவருடைய முகம். அந்த முகத்துக்கு நேர் எதிரே, அறையின் நாலு சுவரையும் சுற்றிப் போன பலகையின் மேல், என் ரயில் புறப்படத் தயாராக நின்றது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து நின்றார்கள். அவர்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த என் மனைவி தமயந்தி என் கண்ணில் பட்டாள்.

செய்தி எழுத வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது, முக்கியமானதை முதல் வரியில் வை என்பது. அந்த வேலையில் நான் அப்போது பல வருடம் கழித்திருந்தேன். அன்று அந்த அறையில் நான் பார்த்த வரிசை இப்படித்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். கிழக்கே ஆலங்குளம், தெற்கே சேத்தூர், வடக்கே மகாராஜபுரம் வரை என் எல்லை. (எல்லை என்றால் ஏதோ சமஸ்தானம் போலத் தோன்றும். ஒரு சைக்கிளும் மூன்று பஸ் ரூட்டும்தான்.) ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். தமயந்திக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணமான புதிதில் உண்டான கரு தங்கவில்லை. இரண்டாவது முறை ஐந்தாம் மாதத்தில் மறுபடி தொந்தரவு வந்ததும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவம் வரை படுக்கைதான். எழுந்து நடக்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். நான் ஆலங்குளத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்த நேரத்தில், மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பழைய இரும்புக் கட்டில் ஒன்றை விலைக்குப் பேசி, மாட்டுவண்டியில் ஏற்றி வந்து அறையில் போட்டு, மகளை அதில் படுக்க வைத்தும்விட்டார். அப்படிப்பட்டவர். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இது கோபத்தால் அல்ல, மரியாதையால். அவர்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் கதவிடம் சொல்வார். "ஏட்டி, சோறு ஆறிப் போகுதுன்னு சொல்லு." மூன்றடி தூரத்தில் நிற்கும் என் காதில் அது விழும். ஆனாலும் தமயந்தி திருப்பிச் சொல்வாள். "சோறு ஆறிப்போகுதாம்." நான், "வாரேன்னு சொல்லு" என்பேன். அவள் அதையும் சொல்வாள். படுக்கையில் இருந்த அவளுக்கு அந்த வீட்டில் கிடைத்திருந்த ஒரே உத்தியோகம் இந்தத் தபால் வேலைதான்.

நானும் பதிலுக்கு மரியாதை காட்டினேன். மாமியார் இருக்கும் அறையில் மனைவியின் கட்டிலில் உட்கார மாட்டேன். படுப்பது பற்றிப் பேச்சே இல்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான். இது இல்லாமலிருந்தால் என் முட்டாள்தனம் மட்டும் காரணமாகியிருக்கும்.

ஒருநாள் அப்படி வாசற்படியில் நின்றபோது தமயந்தி சொன்னாள்.

"மேலயே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சுங்க. ஏதாச்சும் ஒண்ணு அசைஞ்சாத் தேவலை. கட்டிலைச் செத்த சன்னல் பக்கமாத் திருப்பிப் போடுங்களேன். ரயில் போறதாவது தெரியும்."

அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபட்டது ரயில் என்ற ஒரு சொல் மட்டும்.

"கட்டிலு பொணம் கனம் கனக்கும். நாலு ஆளு வேணும். குலுங்கிருச்சுன்னா என்ன பண்ண?" என்றேன். "நீ ரயிலைத் தேடிப் போக வேண்டாம். ரயிலு உன்னயத் தேடி வரும்."

அவள் சிரித்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த என் மைத்துனன் முந்தைய விடுமுறைக்கு வந்தபோது ஒரு பொம்மை ரயில் பெட்டி கொண்டுவந்திருந்தான். கரண்டில் ஓடுவது. கறுப்பு எஞ்சின், வட்டமாகப் பூட்டும் தண்டவாளத் துண்டுகள், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று கொடுத்தான். அந்தக் குழந்தை பிறக்கவில்லை. பெட்டி பரண்மேல் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டினேன். அறையைச் சுற்றி வர அந்தத் தண்டவாளம் போதாது. மைத்துனனுக்கு எழுதினேன். ஊருக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டான். சேலை, சென்ட், சோப்பு எதிர்பார்த்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நான் மூட்டையிலிருந்து தண்டவாளத்தை எடுத்த காட்சி அந்தத் தெருவில் கொஞ்ச காலம் பேசப்பட்டது.

பலகை நானே அடித்தேன். நூல் மில்லிலிருந்து கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகள். ஆணியும் சிராயுமாக இருந்தன. ஆசாரி வேண்டாம் என்று முடிவு செய்தேன். மனைவிக்காகச் செய்வதை இன்னொருவன் கையால் செய்யக் கூடாது என்பது காரணம். (ஒரே ஒரு ஆசாரியைக் கூப்பிட்டிருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பார், இவ்வளவு உயரத்தில் வைப்பதை யார் பார்ப்பது என்று.) சுவரில் துளை போட்டு இரும்பு ஆங்கிள் அடித்து, கூரைக்கு இரண்டடி கீழே, ஒரு அடி அகலத்தில் பலகையைச் சுற்றிப் பொருத்தினேன். அந்தச் சுத்தியல் சத்தத்தில் தமயந்தி தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தாள். ரயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. ரயில் தவறி அவள் மேல் விழுந்துவிடக் கூடாது என்று தண்டவாளத்தைச் சுவரை ஒட்டிப் போட்டேன். அதற்கும் மேலாகப் பலகையின் விளிம்பு நெடுகிலும் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு ரீப்பர் கட்டையை வேலிபோல அடித்தேன். பலகையைப் பொருத்தும் முன்பே, அடியிலிருந்து சிராய் உதிராமலிருக்க மைதாப் பசை காய்ச்சி, எங்கள் பத்திரிகையின் பழைய தாள்களை ஒட்டினேன். எந்தப் பக்கம் கீழே பார்த்து இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. ஒட்டினால் போதும் என்று இருந்தது.

பிறகு ரயில் பெட்டிகள். எஞ்சினோடு வந்தவை வெளிநாட்டுப் பெட்டிகள், மஞ்சளும் நீலமும். அவை செங்கோட்டைப் பாதையில் ஓடினால் அபத்தமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒட்டி, நம் பாசஞ்சர் மாதிரியே ஏழு பெட்டிகள் செய்தேன். சன்னல் கம்பிகள்கூட உண்டு. ஒரு பெட்டியின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஆள். தமயந்தி ஊரிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு: ஒரு மூலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன், எதிர் மூலையில் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரம் இல்லாமல் முடியாது. ஒரு தெர்மாகோல் கடையில் சொல்லிச் செய்து வாங்கினேன். உயரம் அதிகமாகிவிட்டது, கலசம் கூரையைத் தொட்டது. எனக்கு அதில் திருப்தியே இல்லை.

முதன்முதலாக ரயில் ஒரு சுற்று ஓடியபோது நான் ஸ்டூலின் மேல் நின்றிருந்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. கோபுரம் ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

"ரயிலு?"

"அதுவும் நல்லா ஓடுது. ஸ்ரீவில்லிபுத்தூர்ட்ட வாறப்ப மட்டும் செத்த கடகடங்குது."

பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறாள் என்று பூரித்துப்போனேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பும், மாலையில் வந்ததும் ரயில் விட்டேன். விளிம்புக் கட்டை அடித்த பிறகும் ஒரு பிரச்சினை மட்டும் மிச்சமிருந்தது. என் அட்டைப் பெட்டிகளுக்குக் கனம் இல்லை. மின்விசிறி ஓடினால் தடம் புரண்டன. ஆகையால் ரயில் ஓடும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது என்று விதி செய்தேன். கத்திரி வெயில் காலம். காங்கிரீட் தளம். கர்ப்பிணி. இதையெல்லாம் வேறொரு வீட்டில் வேறொருவன் செய்திருந்தால் நான் செய்தியாக எழுதியிருப்பேன்.

மாமியார் கதவிடம் பேசத் தொடங்கினார்.

"பலகை ஜோரா இருக்கு. நல்ல அகலப் பலகை. என்ன, அம்புட்டும் பலகையாத்தான் இருக்கு."

கதவு பதில் சொல்லவில்லை. பலகையைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

இன்னொரு நாள் மகளிடம், நான் கேட்கும்படி:

"ஏட்டி, அவியளச் செத்த நேரம் இங்கன கீழ வந்து உக்காரச் சொல்லேன். எந்நேரமும் மேலயே நின்னா கால் கடுக்காதா?"

"கால் கடுக்கலையான்னு அம்மா கேக்காவ" என்றாள் தமயந்தி.

"இல்லன்னு சொல்லு" என்றேன், ஸ்டூலின் மேலிருந்து.

பெட்டிகளுக்குக் கடைசி வர்ணம் அடித்து முடித்ததும் திறப்பு விழா வைத்தேன். நாலு ஐம்பதுக்கு நிஜமான பாசஞ்சர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடக்கும். அதே நேரத்தில் என் பாசஞ்சரும் புறப்பட வேண்டும் என்பது திட்டம். வீட்டுக்கார அம்மா வந்தார். தெலுங்கு பேசும் குடும்பம், தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசுவார். ஸ்டுடியோ வைத்திருந்த என் நண்பர் பால்ராஜ் கேமராவோடு வந்தார். உயரமான அந்த ஸ்டூல் அவருடையதுதான். தெருவிலிருந்து இன்னும் சிலர். எல்லோருக்கும் ஒரு குண்டாவில் எலுமிச்சை சர்பத் கரைத்து, கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால் பெஞ்சில் வைத்திருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்டூலில் ஏறிப் பார்த்தார்கள். ஏறாமல் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று பால்ராஜ்தான் ஏறச் சொன்னார். "வேய், கீழ இருந்து எடுத்தா வெறும் பலகைதான்வே விழுது" என்றார். அவர் சொன்னது போட்டோவைப் பற்றி. அத்தனை பேர் ஏறி இறங்கினோம். ஏற முடியாத ஒருத்தி எங்கள் நடுவில் படுத்திருந்தாள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்காகத்தான் அது கட்டப்பட்டது என்பதை மட்டும் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. "எங்க வீட்லயும் இருக்காங்களே."

தமயந்தி தலையாட்டினாள். நெற்றியில் வேர்வை வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கொடி காட்ட மாமியாரை ஏற்றினேன். நேரில் பேசாத உறவில் இது பெரிய மரியாதை என்று எனக்கு நினைப்பு. அவர் மறுக்கவில்லை. "ஏட்டி, ஸ்டூல் ஆடுதுன்னு சொல்லு" என்று மட்டும் மேலிருந்து சொன்னார். நான் ஊதுபத்தி எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோது கண்டதைத்தான் முதலில் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் பாசஞ்சர் ஊதியது. மாமியார் பச்சைத் துணியை அசைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன். ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுப் புறப்பட்டது. கைதட்டினார்கள். பால்ராஜின் கேமரா பளிச்சிட்டது.

மாமியார் ஸ்டூலிலிருந்து இறங்கினார். மகளின் கட்டிலருகே போனார். பச்சைத் துணியால் அவள் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். துணியைப் பிழிந்தார். உண்மையிலேயே தண்ணீர் சொட்டியது. பிறகு நிமிர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ள. எம் பிள்ளைக்கு வேர்க்கி."

இப்படி நேராக வந்த பேச்சுக்கு எங்களிடம் முன்மாதிரி கிடையாது. வழக்கப்படி தமயந்தியைப் பார்த்தேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அதற்குள் மாமியார் சுவரோரம் போய் மின்விசிறி சுவிட்சைத் தட்டினார். ரெகுலேட்டர் கடைசி எண்ணில் இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கடைசிப் பெட்டி எழும்பியது. அது எழும்பியதும் அதற்கு முன்னால் இருந்ததை இழுத்தது. ஏழு பெட்டிகளும் ஒரு பட்டத்தின் வால்போல ரீப்பர் கட்டையைத் தாண்டி அந்தரத்துக்கு வந்தன. ஒன்று மின்விசிறி இறக்கையில் பட்டு வீட்டுக்கார அம்மாவின் கொண்டையில் போய்ச் சொருகியது. "அய்யோ தேவுடா" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். கோபுரம் சாய்ந்து, கலசம் உடைந்து, தெர்மாகோல் உருண்டைகள் அறை முழுக்கப் பறந்தன. கனமான எஞ்சின் மட்டும், முதல் பெட்டியைக் கட்டைக்கு வெளியே தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் தன் பாதையில் ஓடியது. கால்மாட்டுப் பக்கத்து மூலையில் வளைவு வந்ததும், பின்னால் தொங்கிய பெட்டி இழுத்ததில் அதுவும் தலைகீழாகக் கவிழ்ந்து சர்பத் குண்டாவில் விழுந்தது. பால்ராஜ் தொழில்காரர். அதையும் ஒரு போட்டோ எடுத்துவிட்டார்.

எல்லோரும் தமயந்தியைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு அட்டைப் பெட்டி அவள் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது, வாசலில் நின்ற ஆளோடு. அவள் அதை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். திருப்பினாள். இன்னொரு முறை திருப்பினாள்.

"ஏங்க, ரயிலு செவப்பா?"

மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"என்ன கேட்டே?"

"இல்ல, பச்சைன்னு நெனச்சிருந்தேன். சன்னலெல்லாம் வச்சிருக்கிய. ஆளுகூட நிக்கான்." அந்த ஆளை விரலால் தொட்டு, "அழகா இருக்குங்க" என்றாள்.

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மாமியார் இருக்கிறார், ஊரார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் மறந்து கட்டிலருகே மண்டியிட்டு, அவள் தலையணையில் என் தலையை வைத்து மேலே பார்த்தேன். இரண்டு மாதமாக அவள் பார்த்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு பக்கமும் பலகையின் அடிப்பாகம். அதற்கு மேல் ரீப்பர் கட்டை. அதற்கு மேல் நேராகக் கூரை. தண்டவாளம் இருப்பதற்கான அடையாளமே இல்லை. ஒரு மூலையில் உடைந்த கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. கோபுரம் ரொம்ப நல்லா இருக்கு என்று ஏன் சொன்னாள் என்பதும், கடகடப்பை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதும் புரிந்தது. அவள் ரயிலைக் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் முகத்துக்கு நேர் மேலே, தலைமாட்டுச் சுவர்ப் பலகையின் அடியில், ஒரு செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பொடி எழுத்துகள் எறும்பு வரிசைபோல ஒன்றும் தெரியவில்லை. தலைப்பையும், கொட்டை எழுத்தில் போட்ட முதல் பத்தியையும் மட்டும் படிக்க முடிந்தது. சேத்தூர் அருகே கிணற்றில் விழுந்த காளை. நான் எழுதிய செய்திதான். படி இல்லாத தோட்டக் கிணறு, ஊரார் திரண்டார்கள், இரண்டு பேர் இறங்கிக் காளையின் வயிற்றில் கயிறு கட்டினார்கள், பாதி உயரம் தூக்கியபோது. அத்தோடு சரி. அதற்கு அடுத்த வரியின் மேல் நான் அடித்த இரும்பு ஆங்கிள் இருந்தது.

அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அந்தக் காளை மேல ஏறிருச்சா?"

"ஏன் முன்னாடியே கேக்கல?"

"கேட்டா, ரயிலப் பாக்காமப் பலகையப் பாக்கேன்னு தெரிஞ்சுருமே. எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சிய." அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "அது நல்லபடியா ஏறிருந்தா இதுவும் நல்லபடியா வந்துரும்னு நானா ஒண்ணு நெனச்சுக்கிட்டேன். கிறுக்குத்தனம்தான். படுத்தே கெடந்தா என்னென்னமோ தோணுது. சொல்லுங்க, ஏறிருச்சா?"

"ஏறிருச்சு" என்றேன்.

"எப்படி?"

"ரெண்டாவதா ஒரு வடம் போட்டாவ. பத்திருவது பேரு இழுத்தாவ. மேல வந்ததும் செத்த நேரம் படுத்துக் கெடந்துச்சு. பொறவு எந்திரிச்சுத் தலைய உதறிட்டு அதுபாட்டுக்கு நடந்து போயிருச்சு."

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து ஓரமாக வழிந்தது. வேர்வை அல்ல.

வந்தவர்கள் சர்பத் குடிக்காமல் கலைந்து போனார்கள். மாமியார் தெர்மாகோலைக் கூட்டி அள்ளினார். பிறகு கால்மாட்டுப் பக்கம் போனார். கட்டிலைக் கொஞ்சமாகத் தூக்கி, காலால் ஒரு செங்கலை நகர்த்தினார். மறுபக்கமும் அப்படியே. நான் பதறி எழுந்து, "நாலு ஆளு கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"ஏட்டி, இது ஆஸ்பத்திரிக் கட்டிலு, தலைமாட்டுல சக்கரம் இருக்குன்னு சொல்லு" என்றார் மாமியார். பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்.

"சக்கரம் இருக்காம்" என்றாள் தமயந்தி, கண்ணைத் திறக்காமல்.

கால்மாட்டுக் கம்பியை அவர் தூக்கிப் பிடித்தார். கட்டில் உருண்டு திரும்பி, சன்னலைப் பார்த்து நின்றது. செங்கல்லை மறுபடி கீழே கொடுத்தார். குலுக்கல் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலை பாசஞ்சர் போனபோது நான் வாசற்படியில் நிற்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் அடுக்களையில் ஏதோ வேலை இருப்பதாகக் கதவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலி மனைக்கு அப்பால், கருவேல மரங்களுக்கு நடுவே, பெட்டி பெட்டியாக அது போனது. வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"இதுவும் செவப்புதான்" என்றாள் தமயந்தி.

அவளுக்கு அந்தச் சன்னல் அதிக நாள் கிடைக்கவில்லை. அடுத்த வாரமே வலி கண்டு, குறைமாதமாக ஒரு பெண் பிறந்தது. மூன்று பேருமாக ஆஸ்பத்திரியில் பயந்துகொண்டு கிடந்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது, தமயந்தி என்னைப் பார்த்து, "காளை ஏறிருச்சு" என்றாள். மாமியார் என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள். கதை வீட்டுக்குப் பொதுவானது அப்போதிலிருந்துதான்.

இன்றும் எங்கள் வீட்டில் நல்ல செய்தி எதுவானாலும் இந்த இரண்டு சொல்தான். மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியபோது போஸ்ட்கார்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுதினாள், காளை ஏறிருச்சு என்று. அவளுக்கு வேலை கிடைத்த அன்று போனில் வேறெதுவும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும், தள்ளாத வயதில் வந்திருந்த என் மாமியார் மேளச் சத்தத்தையும் மீறிச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போய்ப் புது மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். பலகை, ரயில், சர்பத் என்று கதை முழுவதையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தமயந்திதான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கடைசியில், காளை தலையை உதறிவிட்டு நடந்து போவதை அவள் கையால் அபிநயம் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பலகையை நாங்கள் வீடு மாறும்போது கழற்றவில்லை. சிவப்புப் பெட்டி ஒன்று பீரோவில் இருக்கிறது. வாசலில் நின்ற ஆளின் ஒரு கை மட்டும் உதிர்ந்துவிட்டது.

சேத்தூர்க் கிணற்றடியிலிருந்து நான் கிளம்பியபோது காளை பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் காலை போய் விசாரித்தேன். கயிறு அறுந்து, காளை செத்துப்போயிருந்தது.